ஒரு தட்டு, இரண்டு கரண்டி: பினாங்கு போகும் நெல்லைத் தம்பதிகளுக்கு

இருட்டுக்கடை அல்வாவை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் யாராவது தருவார்களா? கடை திறப்பதே சாயங்காலம்தான். பார்டர் புரோட்டாவை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்து தின்றால் அது வேறு பண்டம். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு போய் உட்கார வேண்டும். எதை எங்கே, எந்த நேரத்தில் தின்ன வேண்டும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் விமானம் ஏறியதும் மறந்துபோகிறது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை பார்க்கிற இடங்களை வரிசையாக எழுதி, நடுவில் 'லஞ்ச்' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுகிறோம். கடைசியில் ஏதோ ஒரு 'இந்தியன் ரெஸ்டாரன்ட்'டில், ஜங்ஷன் ஓட்டலை விட மோசமான சாம்பாரை நாலு மடங்கு காசு கொடுத்துக் குடித்துவிட்டு வருகிறோம்.

நானும் என் மனைவியும் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் இதைத்தான் செய்தோம். அடுத்த தடவை தலைகீழாகப் போட்டோம். எந்தெந்தப் பண்டம், எந்த நேரத்தில் என்பதை முதலில் எழுதினோம். பார்க்கிற இடங்களை அதைச் சுற்றி வைத்தோம். அந்தப் பயணம் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு. முதல் முறை போகிற தம்பதிகளுக்கு இன்றும் அந்த ஊரைத்தான் சொல்வேன். தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன் நடந்தே சுற்றக்கூடிய பழைய நகரம். 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. தமிழும் ஓடும். அதற்கும் மேல், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் குடியேறியவை. அங்கே கடைக்காரரிடம் "திருநெல்வேலி" என்றால், "எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வந்தாலும் வரும்.

முதலில் காகிதங்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பாஸ்போர்ட் மலேசியாவுக்குள் நுழைகிற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். இந்தியர்களுக்கு 30 நாள் வரை சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதன் பிறகு போகிறவர்கள் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையை ஆளுக்கு ஒன்றாக ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அரசாங்கத் தளம் இல்லை.

நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இன்ஷியலில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். டிக்கெட் போடுகிறவர் 'எஸ்.' என்று ஒற்றை எழுத்தைப் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கலாம், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற குறிப்பு அது. சுற்றுலா போவதற்கு அது தடையில்லை. ஆனாலும் திரும்பி வருகிற டிக்கெட், ஓட்டல் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் கவுன்டரில் திணற வேண்டாம்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் இயக்கிவிட வேண்டும். தானாக வேலை செய்யாது. ஊரில் இருக்கும்போதே ஆப்பில் போய்ச் செய்துவிடுங்கள். மலேசியப் பணமான ரிங்கிட் ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்று புறப்படும்போது பார்த்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டால் செலவு சுமாராகப் பிடிபடும்.

எப்படிப் போவது

திருச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். நாகர்கோவில் வழியாகக் காரில் மூன்றரை மணி நேரம். வானத்தில் நாலு மணி நேரம் போல. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். நான் ரயிலைச் சொல்வேன். இ.டி.எஸ். என்கிற மின்சார ரயில் சுமார் நாலு மணி நேரத்தில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் விடும். அங்கிருந்து படகு. கால் மணி நேரக் கடல் பயணத்தில் பழைய நகரத்தின் முகப்பு மெல்ல நம்மை நோக்கி வரும். ஒரு ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. வெள்ளி, ஞாயிறுகளில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே போட்டுவிடுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் விடமாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பழம், செடி, இறைச்சி எதையும் கொண்டுபோகாதீர்கள். யாருக்காவது அல்வா கொண்டுபோனால் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் அதைப் பார்த்து 'இது திடமா திரவமா' என்று பாதுகாப்புக்காரர் யோசிக்க ஆரம்பித்தால் நமக்குப் பதில் தெரியாது. இட்லிப் பொடி ஒரு சின்னப் பொட்டலம் போதும். குக்கரையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போகிற தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

கிழமையைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

நாலு இரவு வையுங்கள். அதற்குக் குறைந்தால் வயிறு தாங்காது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி கிடையாது. என் மனைவி கடல் தாண்டினாலும் அதை மாற்றமாட்டாள். முதல் பயணத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. பினாங்கில் அதையே அட்டவணைக்கு முதுகெலும்பாக வைத்தோம். புதன் சாயங்காலம் போய் இறங்கினோம். வியாழனும் சனியும் மீன், கறி. வெள்ளி முழுக்கச் சைவம், கோயில், மலை. உங்கள் வீட்டில் எந்தக் கிழமையோ அதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மழையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் நன்றாகக் கொட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்டிருக்கும். ஆனால் சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரத்தில் சீனர் நடத்துகிற கடைகள் பல நாட்கள் பூட்டிக் கிடக்கும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். காவடி பார்க்க ஆசையென்றால் அதற்காகவே போங்கள், சாப்பாட்டுக்கென்று அந்த நாட்களை எடுக்காதீர்கள். சின்னக் கடைகள் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும், கடைக்குக் கடை கிழமை மாறும். ஒரு பண்டத்துக்கு இரண்டு கடை குறித்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

திறந்தவெளிக் கடையில் உட்காருவது எப்படி

புதிதாகப் போகிறவர்கள் திணறுவது இங்கேதான். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். ஒரு பெரிய கொட்டகை, நடுவில் மேசைகள், சுற்றி பத்து முப்பது தள்ளுவண்டிக் கடைகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரே ஒரு பண்டம்தான் இருக்கும். முதலில் இடம் பிடியுங்கள். கூட்டமாக இருந்தால், "உட்காரலாமா?" என்று கையைக் காட்டிக் கேட்டு இன்னொருவர் மேசையிலேயே உட்காரலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மேசையில் எண் ஒட்டியிருக்கும். ஒருவர் மேசையில் இருக்க, மற்றவர் வண்டிக்குப் போய்ப் பண்டத்தைச் சொல்லி, மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வர வேண்டும். தட்டு வரும்போது காசு கொடுக்க வேண்டும், சில்லறை வைத்திருங்கள். இதற்குள் குடிக்க என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். அவர்தான் பெரும்பாலும் இடத்துக்காரரின் ஆள். ஏதாவது ஒன்று வாங்கிவிடுவது மரியாதை. டிஷ்யூ யாரும் தரமாட்டார்கள், பையில் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

இங்கேதான் இரண்டு பேராகப் போவதில் உள்ள லாபம் தெரியும். ஒரு பண்டத்துக்கு ஒரு தட்டு மட்டும் வாங்குங்கள், கரண்டி இரண்டு கேளுங்கள். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் இரண்டாவது பண்டத்திலேயே வயிறு நிறைந்துவிடும். பாதிப் பாதியாகத் தின்றால் ஒரு சாயங்காலத்தில் நாலு பண்டம் பார்த்துவிடலாம். தனியாகப் போகிறவருக்கு இது முடியாது. எட்டுப் பேராகப் போகிறவர்களுக்கும் முடியாது, ஆளுக்கு ஒரு வாய்தான் வரும்.

எதைத் தின்பது

முதல் நாள் அசாம் லக்சாவில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. கனத்த வெள்ளை அரிசிச் சேவை, அதன்மேல் மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த புளிப்புக் குழம்பு. மேலே வெள்ளரி, வெங்காயம், அன்னாசித் துண்டு, புதினா, பொடியாக நறுக்கிய ஒருவகை இஞ்சிப்பூ. ஓரத்தில் ஒரு கரண்டி கறுப்பான இறால் விழுது. அதைக் கலந்தால்தான் ருசி முழுதாகும். நம்ம கொடம்புளிக்கு உறவான ஒரு புளியையும் அதில் போடுகிறார்கள். முதல் வாய் எடுத்துவிட்டு என் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "ஏங்க, இது நம்ம மீன் புளிக்குழம்புல இடியாப்பத்தைப் போட்ட மாதிரில்லா இருக்கு." பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெரியவர் அந்த 'லா'வைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவர்கள். நெல்லைக்காரனுக்குப் பினாங்கில் பாதி மொழி இப்படித்தான் தெரிந்துவிடுகிறது.

சார் குவே தியாவ் என்பது பட்டை அரிசி நூடுல்ஸைப் பெரும் தீயில் இறால், சிப்பி, முளைகட்டிய பயறு, முட்டை போட்டுப் புரட்டுவது. ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் புரட்டுவார்கள், அதனால் வரிசை நகராது. நகராத வரிசையிலேயே நில்லுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: சீனர் கடைகளில் பன்றிக்கொழுப்பும் பன்றிக்கறித் துண்டும் சேர்ப்பதுண்டு. வேண்டாதவர்கள் வண்டியைப் பார்த்து "பாபி?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஹலால் என்று எழுதியிருந்தால் அந்தக் கவலை இல்லை.

நாசி கண்டாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்ம ஆட்கள் கொண்டுபோன பண்டம். கண்டார் என்றால் தோளில் சுமக்கிற கம்பு, நம்ம காவடி மாதிரி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் இப்படித் தெருத்தெருவாகச் சுமந்து விற்றதில் வந்த பெயர். இன்று கடைகளில் பத்துப் பதினைந்து அகலச் சட்டிகள் வரிசையாக இருக்கும். சோற்றைப் போட்டு, நீங்கள் காட்டுகிறதை எடுத்து வைத்து, நாலைந்து குழம்பைக் கலந்து மேலே ஊற்றுவார்கள். "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். சோறு மிதக்கும். கையால் பிசைந்து தின்னலாம், கை கழுவ இடம் இருக்கும்.

நாங்கள் ஏமாந்ததும் ஒரு நாசி கண்டார் கடையில்தான். விலைப்பலகை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் இறால் கிடந்தது. ஒன்றைக் காட்டினேன். அவள் ஒரு துண்டு மீனும் வெண்டைக்காயும் காட்டினாள். பில் வந்தபோது, மற்ற எல்லாம் சேர்ந்ததைவிட அந்த ஒற்றை இறால் அதிகம். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன்; பெரிய இறால், கணவாய், மீன்தலை எல்லாம் எடைக்கும் அளவுக்கும் தக்கபடி விலை. கேட்காமல் கை நீட்டியது என் தப்பு. "அண்ணே, இது எவ்ளோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு அப்புறம் காட்டுங்கள். அன்று சாயங்காலம் முழுக்க, "இறால் மன்னரே, அடுத்து எங்க?" என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது.

இனிப்புக்குச் செண்டோல். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் புழு மாதிரியான அரிசிமாவுத் துண்டு, சிவப்புப் பயறு, மேலே கருஞ்சர்க்கரைப் பாகு. அந்தப் பாகு தென்னம்பாளையில் இறக்கியது. உடன்குடிக் கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்குக்கு, இது பனையில்லை என்று உடனே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் இரண்டாவது கிண்ணம் கேட்கும். மத்தியான வெயிலில்தான் தின்ன வேண்டும். காலையில் அபோம் விற்பார்கள், நம்ம ஆப்பம்தான், சின்னச் சட்டியில் சுட்டு மடித்துத் தருவார்கள்; சிலதில் வாழைப்பழமும் சோளமும் உள்ளே இருக்கும். டுரியான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நன்றாகக் கிடைக்கும். வாசனை உங்களுக்குப் பிடித்தாலும் ஓட்டல் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். விடமாட்டார்கள், தெரியாமல் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள்.

சைவ நாளில்

"வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. சிலருக்கு அது 'கறித்துண்டு இல்லாதது' என்றுதான் புரியும். கீரை வதக்கலில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது ஒளிந்திருக்கும். நாசி கண்டார் கடையில் வெண்டைக்காய் எடுத்தால் அதன்மேல் மீன்குழம்பு விழும். அதனால் அந்த ஒரு நாளுக்குக் கடையையே மாற்றிவிடுங்கள். 'லிட்டில் இந்தியா' என்கிற இந்தியர் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் அதைத் தின்னவா அவ்வளவு தூரம் போனோம்? பௌத்தர்கள் நடத்துகிற சீனச் சைவக் கடைகளைத் தேடுங்கள். சோயாவிலும் காளானிலும் மீன் மாதிரி, வாத்து மாதிரி செய்து வைத்திருப்பார்கள். என் மனைவி முதலில் தட்டைத் தள்ளிவைத்தாள். கடைக்காரம்மா சமையல்கட்டிலிருந்து சோயாக் கட்டியையே எடுத்துவந்து காட்டிய பிறகுதான் தின்றாள்.

எங்கள் வெள்ளிக்கிழமை இப்படிப் போனது. விடிந்ததும் பினாங்கு மலை. 1923-இல் தொடங்கிய மலை ரயில். இன்றைக்கு ஓடுவது புதுப் பெட்டி. உச்சி 833 மீட்டர். முதல் ரயிலுக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். இறங்கியதும் பக்கத்திலேயே ஆயர் ஹித்தாமில் கேக் லோக் சி என்ற பெரிய பௌத்தக் கோயில். அங்கேயே சைவ உணவகமும் இருக்கிறது. சாயங்காலம் நகரத்துக்குள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர் கட்டிய பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தாய் கோயில், 1818-இல் கட்டிய ஆங்கிலேயர் தேவாலயம், எல்லாம் ஒரே தெருவிலும் அதை ஒட்டியும் பத்து நிமிட நடையில் வந்துவிடும். பள்ளிவாசலில் தோளும் காலும் மூடிய உடை வேண்டும். மேலங்கி அவர்களே தருவார்கள்.

மற்ற இடங்களில் கடல்மேல் கால் ஊன்றிய மரவீடுகள் நிற்கிற சியூ ஜெட்டியைக் காலையிலேயே பாருங்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களுக்குப் படம் எடுக்க வரிசை நிற்கும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அவளுக்கு இருந்தது, முக்கால் மணி நேரம் போனது.

சண்டை வராமலிருக்க

பயணத்தில் வருகிற சண்டையில் பாதி பசியால் வருகிறது. மலை ரயில் வரிசையில், காலையில் ஒன்றும் தின்னாமல் நின்றபோது, நாங்கள் ஒரு குடைக்காகச் சண்டை போட்டோம். அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு நாள் சாப்பாட்டை அவள் முடிவு செய்வாள், இடத்தை நான். அடுத்த நாள் மாற்றி. அவரவர் நாளில் மற்றவர் 'வேண்டாம்' என்று ஒரே ஒரு தடவை சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை அறையில் படுத்துவிட வேண்டும். வெயில் நம்மூர் மாதிரிதான், புழுக்கம் கூடுதல்.

காசை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், அது உள்ளதுதான். வாடகைக் காருக்குக் கிராப் ஆப். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். முதல் நாளே ஐந்து பண்டம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மிச்சம் மூன்று நாளும் கஞ்சிதான். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு கையில் இருக்கட்டும்.

சில வார்த்தைகளைப் படித்துக்கொள்ளுங்கள். ஆயாம் கோழி, ஈக்கான் மீன், ஊடாங் இறால், டாகிங் பெரும்பாலும் மாட்டுக்கறி. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் 'குராங் மானிஸ்'. பால் இல்லாத டீ 'தே ஓ'. அதிலும் சர்க்கரை வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. பார்சலுக்கு 'புங்குஸ்'. எவ்வளவு என்பது 'பெராப்பா', நன்றி 'தெரிமா காசி'. நம்ம காதில் அது 'காசி' என்று விழுவதால் மறக்காது. தென்காசிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

திரும்பும்போது ஜாதிக்காய் வாங்கி வாருங்கள். பினாங்கில் அதன் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்து விற்கிறார்கள், சௌராஸ்தா சந்தையைச் சுற்றிக் கிடைக்கும். நாங்கள் ஒரு கிலோ வாங்கினோம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்க, குற்றாலத்துல வாங்குனியளா?" என்றார்.